வெளிச்சமில்லாமல் நடக்கிற விசுவாசி

கேள்வி: எனக்கு வயது நாற்பத்திரண்டு. சிறு வயதிலிருந்தே சபைக்குப் போகிறவள். எட்டு மாதங்களுக்கு முன் என் அக்கா புற்றுநோயில் இறந்துவிட்டாள். ‘நான் சாவாமல், பிழைத்திருப்பேன்’ என்ற வசனத்தை வாக்குத்தத்தமாகக் கொடுத்து எல்லோரும் ஜெபித்தார்கள். அவள் போன பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. விடாமல் தினம் ஐந்து அதிகாரம் வாசிக்கிறேன், வாரம் இரண்டு நாள் உபவாசம் இருக்கிறேன், இரவு ஜெபத்துக்கும் எழுந்திருக்கிறேன். நிலைமை மோசமாகத்தான் ஆகிறது. தூக்கம் வராமல் போனில் போர்ச் செய்திகளைப் பார்த்துக்கொண்டே விடிந்துவிடுகிறது. ‘மறைவான பாவம் ஏதோ இருக்கிறது’ என்று ஒரு மூப்பர் சொன்னார். இரவில் என் ஏழு வயது மகள் ஜெபம் சொல்லித்தரக் கேட்கிறாள், நடிப்பதுபோல் கூசுகிறது. தேவன் என்னைக் கைவிட்டாரா? வெளிச்சத்தை எங்கே தேடுவது?

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கென்றே ஏசாயா 50-ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனங்கள் இருக்கின்றன. பிரசங்கங்களில் அதிகம் கேட்கக் கிடைக்காதவை. பத்தாம் வசனம் கர்த்தருக்குப் பயந்து, அவருடைய தாசனின் சொல்லைக் கேட்டு நடக்கிற ஒருவனைப் பற்றிப் பேசுகிறது. அவன் ‘தனக்கு வெளிச்சமில்லாததினால் இருட்டிலே’ நடக்கிறான். அவன் கீழ்ப்படியாதவன் என்றோ, விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரன் என்றோ அங்கே எழுதப்படவில்லை. பயபக்தியும் கீழ்ப்படிதலும் இருக்கின்றன, வெளிச்சம் மட்டும் இல்லை. அவனுக்குச் சொல்லப்படுவது, கர்த்தருடைய நாமத்தை நம்பி அவரைச் சார்ந்துகொள் என்பதுதான். அடுத்த வசனம் எச்சரிக்கை: இருட்டு பொறுக்காமல் தாங்களே நெருப்பு மூட்டி அந்த ஜுவாலையில் நடப்பவர்கள் வேதனையில்தான் முடிவார்கள்.

இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பதில் பாதி, அந்த நெருப்பு மூட்டும் வேலை. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தூக்கமில்லாத உடம்பை உபவாசத்தில் வைத்து, மனம் பதியாத ஐந்து அதிகாரங்களை ஓட்டி, பழைய உணர்ச்சியைத் திரும்ப வரவழைக்கப் பார்க்கிறீர்கள். உணர்ச்சி வராதபோது, இன்னும் போதவில்லை என்று அளவைக் கூட்டுகிறீர்கள். கிருபை அப்படிச் சம்பாதிக்கப்படுவதில்லை என்பது உங்களுக்கு எபேசியர் 2:8 வழியாகத் தெரியும். தெரிந்தும், துக்கத்தில் இருக்கும்போது எல்லோருமே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். 1 இராஜாக்கள் 19-இல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும்’ என்று சாவைக் கேட்கிறான். தூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்புகிறான். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி நாற்பது நாள் நடைக்குப் பிறகுதான் வருகிறது. சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு, பிறகுதான் ஆத்துமாவைப் பற்றிய பேச்சு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஆகவே உபவாசத்தை இன்றே நிறுத்துங்கள், குறைந்தது ஆறு வாரத்துக்கு. இரவு ஜெபத்தையும் நிறுத்துங்கள். பொருத்தனை செய்து தேவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தால் உங்கள் போதகரிடம் சொல்லி அதிலிருந்து விடுபட்டுக்கொள்ளுங்கள், அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காத உபவாசம் ஆபத்தும்கூட.

அடுத்தது ஒரு மருத்துவப் பரிசோதனை. துக்கத்துக்கும் மனச்சோர்வு நோய்க்கும் வித்தியாசம் உண்டு. துக்கம் பெரும்பாலும் அலை அலையாக வரும். அக்காவின் ஒரு பொருளைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், சற்று நேரத்தில் பிள்ளையோடு சிரிக்கவும் முடியும். மனச்சோர்வு நோயில் நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், ஒரே பாரமாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமை, தூக்கத்திலும் பசியிலும் பெரிய மாற்றம், கவனம் நிற்காமை, தீராத களைப்பு, ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, பி12 சத்துக்குறைவு ஆகியவையும் இதே சோர்வைத் தரும், சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். மருந்து கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் பலனில்லை என்றோ, சற்றுத் தேறியதும் ‘விசுவாசத்தினால்’ என்றோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவதும் தொந்தரவு தரும். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், இந்தப் பதிலை மேலே வாசிப்பதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரை அழையுங்கள். எலியா அதை வாய்விட்டுச் சொன்னான், அதற்காகத் தள்ளப்படவில்லை.

இனி அந்த மூப்பர் சொன்னது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் செய்திகளைவிட இதற்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். ஆவியானவர் பாவத்தை உணர்த்தினால் அது குறிப்பாக இருக்கும்: இன்னாரிடம், இன்ன நாளில், இந்தப் பொய். வெளியேறும் வாசலும் கூடவே இருக்கும்: அறிக்கையிடு, திருப்பிக் கொடு, ஒப்புரவாகு. குற்றஞ்சாட்டுகிறவனாகிய சாத்தான் பொதுவாகப் பேசுவான். ‘ஏதோ இருக்கிறது’ என்பான், என்ன என்று சொல்ல மாட்டான், முடிவும் இராது. ஒரு முறை மட்டும், பகல் வேளையில், பதினைந்து நிமிடம் ஒரு தாளோடு உட்காருங்கள். குறிப்பான பாவம் ஏதாவது நினைவுக்கு வந்தால் எழுதி, 1 யோவான் 1:9-இன்படி அறிக்கையிட்டு, யாருக்காவது ஈடு செய்ய வேண்டியிருந்தால் அந்த வாரமே செய்யுங்கள். ஒன்றும் வராவிட்டால் தாளை மடித்து வைத்துவிடுங்கள். இல்லாத ஒன்றைத் தோண்டிக்கொண்டே இருப்பது மனந்திரும்புதல் ஆகாது.

மூப்பர் சொன்னதைத்தான் யோபுவின் நண்பர்களும் சொன்னார்கள். ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்ததும் கெட்டார்கள். யோபு 42:7-இல் கர்த்தர் கோபப்படுவது புலம்பிய யோபுவின்மேல் அல்ல, விளக்கம் சொன்ன இவர்கள்மேல்.

வாக்குத்தத்தத்துக்கு வருகிறேன். உங்கள் அக்காவுக்காகப் பிடித்துக்கொண்ட வசனம் சங்கீதம் 118:17. அந்தச் சங்கீதம் முழுவதும் ஆபத்திலிருந்து ஏற்கெனவே தப்பிவந்த ஒருவன் ஆலய வாசலில் நின்று நன்றி சொல்வது. நடந்து முடிந்ததைப் பற்றிய சாட்சி அது, நோயாளியின் படுக்கை ஒவ்வொன்றுக்கும் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் அல்ல. அன்பினால்தான் கொடுத்தார்கள், ஆனாலும் தவறாகக் கொடுத்தார்கள். அது நிறைவேறாமல் போனதால் தேவன் பொய் சொன்னதாக ஆகாது, நீங்கள் போதுமான அளவு விசுவாசிக்கவில்லை என்றும் ஆகாது. பவுல், ‘மாம்சத்தின் முள்’ என்று தானே சொன்ன தன் உபாதை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்பதுதான் பதிலாக வந்தது. கெத்செமனேயில் இயேசுவே மூன்று தரம் ஜெபித்தும் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. கேட்டது கிடைக்காத ஜெபம் அவிசுவாசத்தின் அடையாளம் என்றால், முதலில் அவர்கள் இருவர்மேல்தான் அந்தக் குற்றம் வரும். உங்கள் கோபம் தேவன்மேல் என்று நினைக்கிறீர்கள். அதில் ஒரு பகுதி அந்த வசனத்தைக் கொடுத்தவர்கள்மேல் இருக்கலாம், அதைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, ஜெபம். ஐந்து அதிகாரத்தை விட்டுவிட்டு ஆறே வசனங்களுக்கு வாருங்கள். சங்கீதம் 13. ஒரு வாரம் முழுக்க இது ஒன்று மட்டும், காலையில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம்.

அதன் கட்டமைப்பைக் கவனியுங்கள். முதல் இரண்டு வசனங்கள் முறையீடு, ‘எதுவரைக்கும்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. அடுத்த இரண்டு விண்ணப்பம், அதில் ‘என் கண்களைத் தெளிவாக்கும்’ என்ற வேண்டுதல் வருகிறது. நீங்கள் வெளிச்சம் கேட்டு எழுதினீர்களே, அதே வேண்டுதல்தான். கடைசி இரண்டு நம்பிக்கை: ‘நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்.’

செய்யும் முறை இது. உட்கார்ந்து, வாய்விட்டு, மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். பிறகு ஒரு நோட்டில் உங்கள் ‘எதுவரைக்கும்’களை எழுதுங்கள், மூன்று அல்லது நான்கு வரி போதும். பொதுவாக எழுதாதீர்கள். ‘உலகத்தில் ஏன் இவ்வளவு துன்பம்’ என்பது கட்டுரைத் தலைப்பு. ‘அக்கா கடைசி வாரம் வலியில் கத்தினபோது நீர் எங்கே இருந்தீர்’ என்பது ஜெபம். அடுத்து, இன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு விண்ணப்பம், அதுவும் இன்றிரவுக்குள் வந்ததா இல்லையா என்று பார்க்கக்கூடியதாக: ‘இன்று ஐந்து மணி நேரம் தூங்க விடும்.’ கடைசியில் ஐந்தாம் வசனத்தை அப்படியே வாசித்து முடியுங்கள். அதை உணர வேண்டும் என்று கட்டாயமில்லை. தாவீதின் வாயிலிருந்து கடனாக வாங்கிச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதில் பிசகுகிற இடங்கள் உண்டு. முறையீட்டை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு நன்றி சொல்ல ஓடிவிடுவது முதலாவது. தேவன் கோபித்துக்கொள்வார் என்ற பயம்தான் காரணம், ஆனால் சொல்லாமல் விட்ட முறையீடு உள்ளே புளித்துக்கொண்டே இருக்கும். முறையீட்டிலேயே நாற்பது நிமிடம் சுற்றிக்கொண்டிருப்பது இன்னொன்று, அது ஜெபமாகத் தொடங்கி மனம் ஒரே இடத்தில் அரைபடுவதாக முடியும். கடிகாரம் வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். இரவு பத்து மணிக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், துக்கத்தைக் கிளறிவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது.

இரண்டாம் வாரம் 42, 43 ஆகிய இரண்டையும் சேர்த்து வாசியுங்கள், ஒரே பல்லவி இரண்டிலும் திரும்ப வருகிறது. மூன்றாம் வாரம் 77. அதில் பத்தாம் வசனம் வரை கேள்விகள், அதற்குப் பிறகு கர்த்தர் முன்பு செய்தவற்றை நினைத்துப் பார்ப்பது. நான்காம் வாரம் 130. 13-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தைக் கடன் வாங்கிக்கூடச் சொல்ல முடியாத நாட்களும் வரும். அந்த நாட்களுக்கு 88-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அது நம்பிக்கை வரியில் முடிவதில்லை, தனிமையில் முடிகிறது. அப்படி முடிகிற ஒரு ஜெபத்தையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

‘அவைகள் காலைதோறும் புதியவைகள்’ என்ற புலம்பல் 3:23-ஐச் சுவரில் மாட்டியிருப்பீர்கள். அது ஐந்து அதிகாரப் புத்தகத்தின் நட்டநடுவில் இருக்கிறது. அதற்குப் பிறகும் எருசலேம் இடிந்துதான் கிடக்கிறது, நான்காம் ஐந்தாம் அதிகாரங்களில் அழுகை தொடர்கிறது. கிருபை வந்துவிட்டால் அழுகை நின்றுவிடும் என்று நமக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. யோவான் 1:5-இலும் ஒளி இருளிலேதான் பிரகாசிக்கிறது, இருளை விரட்டி முடித்த பிறகு அல்ல.

ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள், ஆனால் அங்கே கைகளை உயர்த்திக் காட்ட வேண்டியதில்லை. பாட முடியாவிட்டால் உட்கார்ந்து கேளுங்கள். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். இயேசு பார்த்தது ‘அவர்கள் விசுவாசத்தை’. சபை இருப்பதன் காரணங்களில் ஒன்று இதுதான்: உங்களால் நம்ப முடியாத வாரத்தில் மற்றவர்கள் உங்களுக்காக நம்புகிறார்கள். திருவிருந்து நடக்கும் நாட்களில் கட்டாயம் போங்கள். உணர்வு வறண்டவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான கிருபையின் வழி இல்லை என்பேன். அப்பம் வெளியிலிருந்து வருகிறது, கையில் வைக்கப்படுகிறது. உங்கள் மனநிலை என்னவாக இருந்தாலும் ‘உங்களுக்காக’ என்ற சொல் அதோடு வருகிறது. தகுதியில்லை என்று ஒதுங்கி உட்கார்ந்துவிடாதீர்கள். 1 கொரிந்தியர் 11-இல் பவுல் கண்டிப்பது ஏழைகளை வெட்கப்படுத்திச் சாப்பிட்டவர்களை. அழுதுகொண்டு வருகிறவர்களை அல்ல.

துணைக்கு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். ஒருவர் போதும். உடனே வசனம் எடுத்து வீசாதவராக, கேட்டதை வெளியே சொல்லாதவராக, தானும் ஒரு இழப்பைத் தாண்டி வந்தவராக இருந்தால் நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம். முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ‘எனக்கு விளக்கம் வேண்டாம். நான் சொல்வதைக் கேளுங்கள், முடிவில் எனக்காக ஒரு சங்கீதம் வாசியுங்கள்.’ மூப்பர் மறுபடியும் பாவப் பேச்சை எடுத்தால், ‘ஐயா, அதைத் தேவ சமுகத்தில் ஆராய்ந்துவிட்டேன், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கு மேல் நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல.

செய்திகள்: பகலில் இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் பதினைந்து நிமிடம், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக முடித்துவிடுங்கள். போனை இரவில் வேறு அறையில் வையுங்கள், அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். இது பாராமுகம் ஆகாது. உலகத்தின் எல்லாத் துன்பத்தையும் சுமக்க உங்களுக்குத் தோள் கொடுக்கப்படவில்லை. ஒரு இடத்தைத் தெரிந்தெடுங்கள். அதற்காகத் தினம் ஒரு நிமிடம் ஜெபியுங்கள், மாதம் ஒருமுறை நம்பகமான நிவாரண அமைப்பு ஒன்றுக்கு முடிந்ததை அனுப்புங்கள். இருபது கொடுமைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைவிட இது மேல். ஏசாயா 58:10 பசித்தவனுக்கு மனமிரங்குகிறவனைப் பற்றித்தான் ‘இருளில் உன் வெளிச்சம் உதித்து’ என்கிறது. ஆனால் இதையும் பெரிய ஊழியமாக்கி இன்னொரு நெருப்பு மூட்டிவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு சிறிய உதவி, அரை நாளுக்கு மிகாமல்.

நடுராத்திரியில் விழிப்பு வந்து இருபது நிமிடத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் எழுந்து வேறு இடத்தில், மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒரே ஒரு வசனம், மனப்பாடமாகத் தெரிந்தது. ‘தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்’ என்ற ஆயக்காரனின் வரி மூச்சோடு சேர்த்துச் சொல்ல ஏற்றது. கண் சொக்கியதும் படுக்கைக்குத் திரும்புங்கள்.

முன்னேற்றத்தை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். ஆறு வாரம் கழித்து நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பழைய பரவசம் வந்ததா என்று தேடாதீர்கள். முறையீடுகள் குறிப்பாக ஆகியிருக்கின்றனவா, தூக்கம் ஒரு மணி நேரமாவது கூடியிருக்கிறதா, அக்காவைப் பற்றி ஒருவரிடமாவது பேச முடிந்ததா என்று பாருங்கள். உடல் தேறி, துக்கமும் சற்று ஆறிய பிறகும் ஜெபத்தில் வறட்சி மட்டும் நீடித்தால் பதற வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவையின் யோவான் இந்த வறட்சியை அசட்டையிலிருந்து பிரித்தறிய மூன்று அடையாளங்கள் தந்தார்: தேவ காரியங்களிலும் உலகக் காரியங்களிலும் இன்பமில்லை, முன்போல் தியானிக்க முடியவில்லை, ஆனாலும் தேவனுக்கு உண்மையாக இல்லையோ என்ற வேதனை ஓயவில்லை. அசட்டையானவனுக்கு அந்த வேதனை இராது. உங்கள் கடிதம் முழுவதும் அது இருக்கிறது. அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்தாண்டு கழித்து 2007-இல் வெளிவந்தபோது, இந்த வறட்சியோடு அவர் பல பத்தாண்டுகள் ஆராதனையையும் பணியையும் விடாமல் நடந்திருந்தது தெரியவந்தது. நீங்களும் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. கைவிடப்படுவது என்பது வேறு, உணராமல் இருப்பது என்பது வேறு என்பதற்காகச் சொல்கிறேன். ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற சங்கீதம் 22-இன் முதல் வரியைச் சிலுவையில் சொன்னவர் அதைப் பிதாவிடம்தான் சொன்னார்.

மகளின் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. அவளோடு ஜெபிப்பது நடிப்பு அல்ல. இல்லாத பரவசத்தை இருப்பதுபோல் காட்டினால்தான் அது நடிப்பு. சொந்த வார்த்தைகள் வராத இந்தக் காலத்தில் பரமண்டல ஜெபத்தைச் சொல்லிக்கொடுங்கள், ஒரு நாளைக்கு ஒரு வரியாக. நாம் என்ன உணர்கிறோம் என்று அந்த ஜெபம் கேட்பதே இல்லை. பெரியம்மாவைப் பற்றி அவள் கேட்டால், ‘அம்மாவுக்கும் ஏன் என்று தெரியவில்லை, அதை ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று உள்ளபடியே சொல்லுங்கள். ‘ஆண்டவருக்குப் பிடித்துப்போனதால் எடுத்துக்கொண்டார்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏழு வயதில் அதைக் கேட்கிற பிள்ளை, அடுத்து அம்மாவையும் எடுத்துக்கொள்வாரோ என்று இரவில் விழித்திருக்கும்.